உரிமையும் உடற்சோதனையும்

பெண் என்பவள் யார் என்னும் கேள்வி மேல்நாட்டு நீதிமன்றங்களிலும் சட்டசபைகளிலும் சில ஆண்டுகளாகவே பெரும் வாதத்துக்கு இடமாகி வந்தது. 2025 ஏப்ரல் 16-ஆம் நாள் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், அந்நாட்டுச் சமத்துவச் சட்டத்தில் பயிலும் ‘பெண்’ என்னும் சொல் பிறப்பில் அமைந்த உடற்பாலையே குறிக்கும் என்று தீர்ப்பளித்த பிறகு, அக்கேள்வி நம் நாட்டுக் கற்றோர் நடுவிலும் அதே வடிவில் எடுத்தாளப்பட்டு வருகிறது. பெண்ணுரிமை என்பது பெண்ணுடல் பட்ட துன்பத்தினின்றும் பிறந்த உரிமையாதலின், அவ்வுடலோடு பிறவாதவரை அதனுள் சேர்த்தால் அவ்வுரிமை கரைந்துபோகும் என்பர் ஒரு சாரார். தம்மைப் பெண்ணென உணர்ந்து, பெண்ணாகவே வாழ்ந்து, அவ்வாழ்வின் இழிவையெல்லாம் சுமப்பவரை வாயிற்புறத்தே நிறுத்துவது அநீதி என்பர் மற்றொரு சாரார். எனினும் இரு சாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர். முதலில் பெண்மைக்கு ஒரு லட்சணம் வகுத்துக்கொண்டு, பின்னர் உரிமைகளை அந்த லட்சணத்தினின்றும் வருவிக்க வேண்டும் என்பதே இருவர்க்கும் பொதுவான எண்ணம். அந்த முறையே பிழையுடையது என்பதும், தமிழ்நாட்டில் பெண்ணுரிமை வளர்ந்த வரலாறு அதற்கு நேர்மாறான வழியைக் காட்டுகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1921-இல் சென்னை மாகாணத்துப் பெண்கள் வாக்குரிமை பெற்றதும், 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்ததும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிவைத்த நெடும் போராட்டத்தின் முடிவில் 1947-இல் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டதும், 1989-இல் மகளிர்க்குப் பூர்விகச் சொத்தில் பங்கும் அரசுப் பணியில் 30 சதவீத ஒதுக்கீடும் வழங்கப்பட்டதும், பெண் யார் என்று வரையறுத்துக்கொண்டு அதன்மேல் எழுப்பிய கட்டடங்கள் அல்ல. ஒவ்வொன்றும், கண்முன் நிகழ்ந்த ஒரு குறிப்பிட்ட தீங்கைக் கண்டு, அத்தீங்கு யாரைத் தாக்குகிறதோ அவரைக் காக்க எழுந்த பரிகாரம். ஆகவே ஓர் உரிமை யாருக்கு உரியது என்று ஐயம் எழும்போது, அவ்வுரிமை எந்தத் தீங்குக்குப் பரிகாரமாகப் பிறந்தது என்று வினவுவதே நியாயமான விசாரணை. அவ்வாறு வினவினால் எல்லா உரிமைக்கும் ஒரே விடை கிடைக்காது. கிடைக்காமையே உண்மைக்கு அணுக்கமானது.

இவ்விசாரணையைத் தென் தமிழ்நாட்டுக் கரிசற்காட்டிலுள்ள திருவேங்கடம் வட்டாரத்தினின்றும் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மேற்கே சிறு தொலைவில் உள்ள சங்கரன்கோவிலில், ஹரியும் ஹரனும் ஒரே மேனியராகக் காட்சி தரவேண்டிக் கோமதியம்மை தவமிருந்ததாகப் புராணம் சொல்லும் தலத்தில், ஆண்டுதோறும் ஆடித்தபசுக்குக் கரிசற்காட்டு மக்கள் திரள்கின்றனர். ஒரு மேனியில் இரு வடிவைக் கண்டு கைகூப்பும் சமூகத்துக்குப் பாலின் எல்லையைக் கடந்தவரை ஏற்பது எளிதாயிருக்கும் என்று எழுதுவோர் பலர். இந்த அநுமானத்தை நாம் ஏற்பதற்கில்லை. கருவறையில் வணங்கப்பெறும் வடிவம் வீட்டுத் திண்ணையில் உட்கார இடம் தருவதில்லை என்பதை, தகப்பன் வீட்டை விட்டு இரவோடு இரவாக வெளியேறிய திருநங்கையர் எவரும் அறிவர். இலக்கணத்தின் சாட்சியமும் இத்தகையதே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஆண்மையை விட்டுப் பெண்மையை விழையும் பேடியரைப் பெண்பாலிலேயே சேர்த்து விதித்தார். உடலை நோக்காது விழைவை நோக்கிப் பால் வகுத்த அவ்விதி வியக்கத்தக்கது. ஆயினும் அதே சூத்திரத்தின் ஈற்றில், இத்தகையோர் அஃறிணை போலவும் வழங்கப்பெறுவர் என்று அவர் சேர்த்தார். பெண்ணென ஒப்புக்கொண்ட வாயாலேயே திணையைத் தாழ்த்திய இவ்வழக்கு எழுநூறு ஆண்டுகள் கழிந்தும் நம் சட்டங்களில் தொடர்வதைப் பின்னர்க் காண்போம்.

பெண்மைக்கு உடலை மட்டுமே பிரமாணமாகக் கொள்வோர், அவ்வாறு கொண்டால் பெண்களுக்குப் பாதுகாப்பு உண்டாகும் என்று மெய்யாகவே நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்கு நம் மாநிலத்திலேயே இரு மறுப்புகள் உள்ளன. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் மகளாகப் பிறந்து, மகளாகவே வளர்ந்து, 2006 டிசம்பரில் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றவர் சாந்தி சௌந்தரராஜன். போட்டி முடிந்ததும் அவர் பாற்சோதனைக்கு உட்படுத்தப்பட்டார், அதில் தேறவில்லை என்ற செய்தி உலகெங்கும் பரவியது, பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் எவரையும் ஏமாற்றவில்லை. தம்மை வேறு எதுவாகவும் கூறிக்கொள்ளவும் இல்லை. பெண்களின் போட்டியைக் காப்பதற்கென்று வகுத்த சோதனை, ஏழைக் குடியில் பிறந்த ஒரு பெண்ணின் தலையில்தான் விழுந்தது. தமிழக அரசு அவருக்குப் பரிசுத் தொகை வழங்கியதும், பிற்காலத்தில் அவர் அரசுப் பயிற்றுநராக அமர்ந்ததும் ஆறுதலே. ஆயினும் ஒரு கிராமத்துப் பெண்ணின் அந்தரங்கம் செய்தித்தாள்களின் தலைப்பாக்கப்பட்ட அவமானத்தை அவற்றால் துடைக்க முடியவில்லை.

மற்றொன்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு. பெண்ணாகப் பிறப்புப் பதிவு பெற்று, பெண்ணாகவே கல்வி கற்று, கரூர் மாவட்டக் காவல்துறையில் பெண் காவலராகத் தெரிவு செய்யப்பட்ட ஒருவரை, மருத்துவச் சோதனையின் முடிவைக் காரணம் காட்டி, அவர் பெண் அல்லர் என்று பணியினின்றும் நீக்கினர். பிறப்பு முதல் சமூகமும் அவரும் ஏற்றுக்கொண்ட பாலை மருத்துவரின் ஒரு சான்று மாற்றிவிட முடியாது என்றும், அவர் பெண்ணாகவே பணியில் தொடரலாம் என்றும் நீதிபதி எஸ். நாகமுத்து தீர்ப்பளித்தார். பெண்ணுடல் என்னும் மதிலைக் கட்டுவோர், மதிலுக்கு வாயிற்காவலன் வேண்டும் என்பதையும், அக்காவலன் உள்ளே வரும் ஒவ்வொரு பெண்ணையும் சோதிப்பான் என்பதையும், நெடிய உருவும் கட்டான உடலும் கனத்த குரலும் உடைய பெண்களே முதலில் ஐயுறப்படுவர் என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெண்ணின் உடல் அயலார் கண்ணுக்கும் கைக்கும் உட்படாதிருக்க வேண்டும் என்பது பெண்ணியக்கத்தின் ஆதி கோரிக்கைகளுள் ஒன்று. உடற்சோதனையை வேலியாகக் கொண்ட பெண்ணுரிமை அந்தக் கோரிக்கையையே முதலில் பலியிடுகிறது.

இங்கே ஒரு வலிய ஆட்சேபம் எழும். விளையாட்டில் பெண்களுக்கெனத் தனிப் பிரிவு அமைந்ததே உடல் வலிமையின் வேற்றுமையைக் கருதித்தான். அங்கே உடலை நோக்காமல் நியாயம் செய்வது எவ்வாறு? இந்த ஆட்சேபத்தை நாம் மதிக்கிறோம்; பெருமளவு ஏற்கவும் செய்கிறோம். தனிப் பிரிவு எத்தீங்குக்குப் பரிகாரமாக அமைந்ததோ அத்தீங்கு உடல் வலிமையைப் பற்றியதாகையால், ஆணாகப் பருவமெய்திப் பெற்ற வலிமையோடு வருபவரை அப்பிரிவில் சேர்க்கலாமா என்று வினவுவது பகைமையாகாது. 2023-இல் உலகத் தடகள அமைப்பு அத்தகையோரைப் பெண்கள் பிரிவினின்றும் விலக்கியதை ஒரு விளையாட்டின் உள்விதியாக ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் 2025 செப்டம்பர் முதல் பெண்கள் பிரிவில் ஓடும் ஒவ்வொருவரும் மரபணுச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று அதே அமைப்பு விதித்திருப்பது, சாந்தியைப் போலப் பெண்ணாகவே வளர்ந்தவர்களை மீண்டும் அதே வாயிலில் நிறுத்துகிறது. ஒடிசாவின் துத்தீ சந்த் 2014-இல் விலக்கப்பட்டு, 2015-இல் சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் வாதாடி, மீண்டும் ஓடும் உரிமை பெற்ற வரலாறு அதற்குள் மறக்கப்பட்டதே என்னும் வருத்தம் நமக்கு உண்டு. எவ்வாறாயினும், ஓட்டப்பந்தயத்துக்கு வகுத்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கும் பஞ்சாயத்துக்கும் காவல் நிலையத்துக்கும் செல்வது எவ்வகையிலும் பொருந்தாது.

கழிப்பிடம், விடுதி, சிறை ஆகியவற்றைக் குறித்துப் பெண்கள் கொள்ளும் அச்சமும் வெறும் துவேஷமன்று, அநுபவத்தில் விளைந்தது. அவ்வச்சத்துக்கு விடை தாழ்ப்பாளுள்ள கதவும், விளக்கும், தனித்தனி அறைகளும், ஒழுங்கான காவலுமே. திருநங்கையருக்குத் தனிக் கழிப்பிடங்கள் வேண்டுமென்று 2014 ஏப்ரல் 15-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், நால்சா எனப்படும் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் ஆணையிட்டதும் இக்கருத்துப் பற்றியே. ஆண்கள் பகுதிக்குள் தள்ளப்படும் திருநங்கையும் நள்ளிரவுப் பேருந்து நிலையத்தில் நிற்கும் பெண்ணும் ஒரே வகை மனிதருக்கு அஞ்சுகின்றனர்.

சட்டம் எங்கே மெய்யாகவே பெண் யார் என்று கேட்டு, அக்கேள்வியால் கொடுமை விளைவிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெண்ணை ஒருவன் வன்புணர்வு செய்தால் பாரதிய நியாய சம்ஹிதையின் 64-ஆம் பிரிவின்படி குறைந்த அளவு தண்டனையே பத்தாண்டுச் சிறை. 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவோ, திருநங்கையை ஒருவன் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தினால் ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரையே சிறை என்கிறது. ஒரே குற்றம், உடலுக்கு உடல் விலை வேறு. பேடியரைப் பெண்பாலில் வைத்துவிட்டு அஃறிணைக்கும் இழுத்த பழைய சூத்திரம் இங்கே தண்டனை அளவாக உருவெடுத்து நிற்கிறது. திருநங்கையைப் பெண்ணென ஏற்பதால் பெண்ணுரிமை குறையும் என்போர், இவ்விடத்தில் எந்தப் பெண்ணுக்கு எது குறையும் என்று விளக்கக் கடமைப்பட்டவர்கள். வன்புணர்வைத் தண்டிக்கும் விதி, பெண்மை கருதி நிகழும் வன்முறைக்குப் பரிகாரம்; அவ்வன்முறை திருநங்கையின் மேல் நிகழும்போது அவள் பெண்மையே அதற்குக் காரணமாகிறது. 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் மதுரைக் கிளையில் அளித்த தீர்ப்பு, இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்னும் பதம் திருநங்கையையும் குறிக்கும் என்றது. மணமேடையில் மணமகளாக ஏற்கப்பட்டவள் காவல் நிலையத்தில் மட்டும் பெண்ணாகாமற்போவதற்கு நியாயம் கூற எவராலும் இயலாது.

இனி, பெண்களின் நலனும் திருநங்கையரின் நலனும் மெய்யாகவே உரசும் ஓரிடத்தைக் கூறவேண்டும். அதை மறைப்பது ஆராய்ச்சிக்கு அழகன்று. 2017-இல் தமிழக அரசு பிறப்பித்த ஓர் ஆணை, தம்மைப் பெண்ணென அடையாளம் கூறும் திருநரை அரசுப் பணியில் மகளிர்க்குரிய 30 சதவீத ஒதுக்கீட்டுக்குள் வைத்தது. நல்லெண்ணத்தால் விளைந்த ஆணைதான். ஆயினும் அதனால் பயனடைந்தவர் எவர்? மகளிர் ஒதுக்கீடு, வீட்டு வேலையும் இளமை மணமும் படிப்பைக் கெடுத்தமையால் பின்தங்கிய பெண்களுக்கான பரிகாரம். திருநங்கையின் தடையோ வேறு: பதின்மூன்று பதினான்கு வயதிலேயே பள்ளியினின்றும் வீட்டினின்றும் ஒருங்கே துரத்தப்பட்டவள் அவள். தாய் வீட்டுச் சோறுண்டு, தேர்வுக்குப் பயின்று வந்த பெண்ணோடு ஒரே பட்டியலில் அவளைப் போட்டியிட வைத்தால், அவள் வெல்வது அரிது. வென்றால், தன் இடத்தை இழந்ததாக ஒரு பெண் எண்ண நேரும். திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் சேர்த்த 2015-ஆம் ஆண்டின் ஏற்பாடும் இவ்வாறே தடுமாறியது. பாலடையாளத்தைச் சாதி போலக் கருதலாகாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண் பெண் அல்லாத ‘பிறர்’ என்னும் கட்டத்தில் தமிழ்நாட்டில் பதிவானோர் 22,364 பேர். மகளிரோ மூன்றரைக் கோடிக்கு மேற்பட்டவர். திருநங்கையருள் பலர் அக்கட்டத்தில் பதியாமல் விடுபட்டிருக்கக்கூடும் என்று கொண்டாலும், இவர்களால் மகளிர்க்குரிய இடங்கள் பறிபோகும் என்னும் அச்சம் அளவுக்கு மிஞ்சியதே. ஆயினும் அளவு சிறிது என்பதற்காகத் தவறான பட்டியலில் எவரையும் வைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் குறுக்காகத் திருநருக்கு 1 சதவீதம் ஒதுக்குவதென்று கர்நாடக அரசு 2021-இல் செய்த ஏற்பாடு இதற்குத் தக்க தீர்வு. கிரேஸ் பானு முதலான திருநங்கையர் தமிழ்நாட்டில் பல்லாண்டுகளாகக் கேட்டு வருவதும் இதுவே. மகளிர் பங்கில் ஓர் இடமும் குறையாமல், தலித் திருநங்கை தன் சாதியால் படும் துன்பமும் பாலால் படும் துன்பமும் இரண்டும் கணக்கில் வரும் வழி இது.

பொதுநலத் திட்டங்களில் இத்தகைய விவேகத்தைத் தமிழக அரசு சில இடங்களில் முன்னமே காட்டியுள்ளது. 2008-இல் நலவாரியம் கண்ட மாநிலம் இது. நகரப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் என்று 2021-இல் அறிவித்தபோது சின்னாட்களில் அது திருநருக்கும் விரிவாக்கப்பட்டது. 2023-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், திருநங்கையின் தலைமையில் நடக்கும் குடும்பத்திலும் அவளைக் குடும்பத் தலைவியாகவே கொண்டது. தீப்பெட்டி ஆலைக்கும் விசைத்தறிக் கூடத்துக்கும் கூலிக்குச் செல்லும் கரிசற்காட்டுப் பெண்ணின் பக்கத்து இருக்கையில் ஒரு திருநங்கை கட்டணமின்றி அமர்ந்து செல்வதால் அப்பெண் இழந்தது எதுவுமில்லை.

திருவேங்கடத்துக்குக் கிழக்கே, கோவில்பட்டியை அடுத்த மந்தித்தோப்பில், திருநங்கையருக்கெனக் குடியிருப்பும், அவர்களே உறுப்பினராகிய பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தன. மாடு வாங்கக் கடனும், கறந்த பாலுக்கு விலையும், பெயரில் ஒரு வீடும் பெற்றபோது, அவர்களிடம் எவரும் பெண்மைக்குச் சான்று கேட்கவில்லை. சங்கத்துக்கு வேண்டியது பாலின் தரம் மட்டுமே. ஆனால் அவ்வீடுகளில் வாழ்வோருக்குத் தகப்பன் வழிச் சொத்தில் பங்கு கிடைக்குமா என்று கேட்டால், மகனாக உரிமை கோரினால் நீ மகனல்லை என்றும், மகளாகக் கோரினால் நீ மகளல்லை என்றும் சொல்லும் குடும்பங்களே மிகுதி. 1989-இல் தமிழ்நாடும் 2005-இல் இந்திய நாடாளுமன்றமும் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று வகுத்துவிட்டமையால், பாகம் பிரிக்கும்போது பால் எது என்னும் கேள்வியே எழ வேண்டியதில்லை. பிள்ளை என்று நிறுவப்பட்டால் போதும். அந்த ஒரு வரியை வாரிசுரிமைச் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்ப்பதற்கு மகளிர் இயக்கங்களே முதற்குரல் கொடுக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தகப்பன் நிலத்தில் பங்கு மறுக்கப்பட்டு, நீதிமன்றப் படியேறி அதைப் பெற்றவர்கள் அவர்களேயாகலின்.