இறப்பருக்கு அரிசி, காற்றில் ஒரு குரல்

சீனாவும் இலங்கையும் எவ்வளவு பழைய நண்பர்கள் என்று எந்த மேடையில் பேச்சு வந்தாலும் இரண்டு விஷயம் தவறாமல் வரும். ஒன்று, பாகியன் என்ற பௌத்த துறவி இங்கே வந்து போன கதை. மற்றது 1952ஆம் ஆண்டின் இறப்பர்–அரிசி ஒப்பந்தம். 2022 ஜனவரியில் சீன வெளிவிவகார அமைச்சர் வாங் யீ கொழும்புக்கு வந்தபோதும், அந்த ஒப்பந்தத்துக்கு 70 வயது ஆனதைக் கொண்டாடித்தான் விழா எடுத்தார்கள்.

சரி, அந்த இறப்பர் எங்கே இருந்து போச்சு? களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள்தான் இலங்கையின் இறப்பர் பூமி. எங்க தெரணியகலையும் அதுக்குள்ளதான் வருது. விடியக் காலையில பிரட்டுக்குப் போய், மரம் மரமா ஏறி இறங்கி, பட்டையைச் சீவி, சிரட்டையில பால் பிடிச்ச ஆட்கள் அந்த விழாப் பேச்சுகள்ல எங்கேயும் இல்லை. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது. கூடவே, ஒரு அரசு தன் கதையைத் தானே எழுதி, தானே ஒலிபரப்பும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றியும்.

முதலில் ஒப்பந்தம். கொரியப் போர் நேரம் ஏறியிருந்த இறப்பர் விலை 1952இல் சரிந்தது. அரிசியோ உலகச் சந்தையில் தட்டுப்பாடு. கூப்பன் அரிசியை நம்பியிருந்த நாடு தடுமாறியது. மறுபக்கம் சீனாவுக்கு இறப்பர் வேணும், ஆனால் 1951இல் ஐக்கிய நாடுகள் சபை கொண்டுவந்த தடையால் வாங்க வழியில்லை. இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பினரே இல்லை, 1955இல்தான் சேர்ந்தது. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க பீக்கிங் போனார். 1952 டிசம்பர் 18இல் ஐந்து வருட ஒப்பந்தம் கையெழுத்தானது. வருடத்துக்கு 270,000 தொன் அரிசி இங்கே வரும், 50,000 தொன் இறப்பர் அங்கே போகும். இறப்பருக்குச் சந்தை விலையை விடக் கூடுதலாகவே சீனா கொடுத்தது. கோபப்பட்ட அமெரிக்கா உதவியை நிறுத்தி வைத்தது. இரண்டு நாடுகளுக்கும் இடையே அப்போது தூதரகம்கூடக் கிடையாது. இராஜதந்திர உறவே 1957 பெப்ரவரியில்தான் தொடங்கியது. ஒரு சின்ன நாடு துணிச்சலாக எடுத்த முடிவு அது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அதே 1952இல் இன்னொன்றும் நடந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பான்மையினர் நாடற்றவர் ஆக்கப்பட்டிருந்தார்கள். 1947 தேர்தலில் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம் அது. 1952 தேர்தலில் அவர்கள் பேரே வாக்காளர் இடாப்பில் இல்லை. அதை எதிர்த்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏப்ரல் 28இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கி, மாதக்கணக்கில் நடத்தியது. ஒன்றும் கிடைக்கவில்லை. டிசம்பரில் டட்லி சேனாநாயக்கவின் அதே அரசாங்கம்தான் பீக்கிங்கில் கையெழுத்துப் போட்டது. சிங்களக் கிராமங்களின் சிறு தோட்டக்காரர்களும் அந்த இறப்பரில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள், அதை மறக்கக்கூடாது. ஆனால் பெருந்தோட்டங்களில் பால் வெட்டிய பெரும்பாலானோர் நாடற்றவர்கள். அவர்கள் வெட்டிய பாலுக்கு நாடு இருந்தது, அவர்களுக்கு இல்லை.

இனி அந்தக் குரலுக்கு வருவோம். சீனாவில் செய்தி என்பது அரசாங்கத்துக்கும் முந்தியது. மக்கள் சீனக் குடியரசு 1949இல் பிறந்தது. அதன் செய்தி நிறுவனமான சின்ஹுவா 1931லேயே செஞ்சீனச் செய்தி நிறுவனம் என்ற பேரில் தொடங்கி, 1937இல் இப்போதைய பேருக்கு மாறியது. வெளிநாட்டு வானொலி தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது 1941 டிசம்பர் 3ஐ. யெனான் குகைகளில் இருந்து ஜப்பானியப் படையினரைப் பார்த்து ஜப்பானிய மொழியில் பேசிய நாள் அது. ஆக ஆரம்பத்திலேயே வானொலி ஒரு போர்க்கருவி. இவை எல்லாத்துக்கும் மேலே கட்சியின் மத்தியப் பிரசாரத் துறை இருந்தது, இன்றும் இருக்கிறது. சீன மொழியில் பிரசாரம் என்ற சொல் கெட்ட வார்த்தை இல்லை. 1990களின் கடைசியில் ஆங்கிலப் பேரை மட்டும் விளம்பரத் துறை என்கிற மாதிரி மாற்றிக்கொண்டார்கள், சீனப் பேர் அப்படியே இருக்கு.

தமிழ் ஒலிபரப்பு 1963 ஆகஸ்ட் 1இல் ஆரம்பம். சிங்களத்துக்கு 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சீனர்களே தமிழ் படித்து, கலையரசி, கலைமகள், வாணி என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு சிற்றலையில் பேசினார்கள். நேயர்கள் கடிதம் எழுதினால் பதில் வரும், அட்டை வரும், நாட்காட்டி வரும். பொது அறிவுப் போட்டியில் வென்றால் சீனாவுக்கே போய் வரலாம். தமிழ்நாட்டில் நேயர் மன்றங்களே உருவாச்சு. அந்த அன்பு பொய் இல்லை. தமிழில் கடிதம் போட்டால் மதித்துப் பதில் போடும் அரசாங்க நிறுவனம் நமக்குப் பக்கத்தில் எத்தனை இருந்தது, சொல்லுங்க?

சீனா மட்டும் இதைச் செய்யவில்லை. பிபிசி தமிழோசை 1941இல், அதாவது உலகப் போர் நடுவில் பிறந்தது. அமெரிக்காவின் குரலை மறு ஒலிபரப்புச் செய்ய 1951லேயே இலங்கை ஒப்பந்தம் போட்டது. மொஸ்கோவும் தமிழ் பேசியது. எல்லாரும் நம்ம காதுக்காகத்தான் போட்டி போட்டார்கள். அப்படியென்றால் பீக்கிங்கில் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் வெளியே பேசியதில் இல்லை, உள்ளே பேச விடாததில் இருக்கு. 1957இல் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த வருடம் மாவோவின் மாபெரும் பாய்ச்சல் தொடங்கியது. அது கொண்டுவந்த பஞ்சத்தில் செத்தவர்கள் தொகை கோடிகளில். கிராமங்கள் பட்டினியில் கிடந்த 1959இல் சீனா 40 லட்சம் தொன்னுக்கும் மேலே தானியம் ஏற்றுமதி செய்தது. பத்திரிகைகளில் அமோக விளைச்சல் செய்தி. ஆனால் சின்ஹுவாவுக்கு இரண்டு வேலை இருந்தது. மக்களுக்கு ஒரு செய்தி, தலைவர்களுக்கு மட்டும் 'உள் பார்வைக்கு' என்று இன்னொரு செய்தி. பட்டினி பற்றிய தகவல்கள் அந்த இரண்டாவது தாளில் வந்துகொண்டிருந்தன. அதாவது மேலே இருந்தவர்களுக்குத் தெரியும். தெரியக்கூடாதவர்கள் சாகிற மக்கள்தான்.

யாங் ஜிஷெங் என்பவரின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். அவருடைய அப்பா 1959இல் பட்டினியால் செத்தார். அது தங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்த துயரம் என்றுதான் அவர் அப்போது நினைத்தார். பிற்பாடு அவரே சின்ஹுவா நிருபரானார். அந்த அடையாளத்தை வைத்து மாகாண ஆவணக் காப்பகங்களுக்குள் போய், வருடக்கணக்காகத் தகவல் சேர்த்தார். அவருடைய 'கல்லறைக் கல்' நூல் 2008இல் ஹொங்கொங்கில் வந்தது. செத்தவர்கள் 3.6 கோடி என்பது அவருடைய கணக்கு. சீனப் பெருநிலத்தில் அந்த நூலுக்குத் தடை. சொந்த அப்பாவின் சாவு ஒரு நாட்டின் சாவு என்று தெரிய ஒரு மகனுக்கு அவ்வளவு காலம் பிடித்தது. ஊடகக் கட்டுப்பாடு என்றால் அதுதான்.

இங்கேயும் அந்தக் குரலை நம்பியவர்கள் உண்டு. 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தபோது, என். சண்முகதாசன் தலைமையில் பீக்கிங் சார்பு அணி உருவானது. செங்கொடிச் சங்கம் மூலம் அது மலையகத் தோட்டங்களுக்குள்ளும் வந்தது. நாடற்ற தொழிலாளிக்குப் புரட்சி என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்க. ஆனால் 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்து, கேகாலை மாவட்டம் அதன் கடுமையான களங்களில் ஒன்றானபோது, பிரதமர் சூ என்லாய் சிறிமாவோவுக்குக் கடிதம் எழுதி அரசாங்கத்தின் பக்கம் நின்றார். வட்டியில்லாக் கடனும் கொடுத்தார். ஜே.வி.பி. பீக்கிங் அணியில் இருந்து பிரிந்து போனவர்களின் கட்சி, மலையகத் தமிழரையும் சந்தேகத்தோடு பார்த்த கட்சி. அதை மறைக்கத் தேவையில்லை. என்றாலும் பாடம் ஒன்றுதான்: வானொலி புரட்சி பேசும், அரசு அரசோடுதான் பேசும். இரண்டு வருடத்தில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபம் திறக்கப்பட்டது.

இப்போது அமைப்பு இன்னும் இறுக்கமாகிவிட்டது. வெளிநாட்டவருக்குச் சீனாவை விளக்க 1991இல் அரச பேரவைத் தகவல் அலுவலகம் வந்தது. கட்சியின் வெளிநாட்டுப் பிரசார அலுவலகமும் அப்போது அதுவாகவே இருந்தது. ஒரே அலுவலகம், வாசலில் இரண்டு பெயர்ப்பலகை. 2016 பெப்ரவரியில் ஷி ஜின்பிங், கட்சி ஊடகங்கள் கட்சியின் குடும்பப் பெயரைத் தாங்க வேண்டும் என்கிற கருத்தில் பேசினார். 2018இல் மத்தியத் தொலைக்காட்சி, உள்நாட்டு வானொலி, வெளிநாட்டு வானொலி மூன்றையும் ஒன்றாக்கி, சீன ஊடகக் குழுமம் என்று பிரசாரத் துறையின் கீழே வைத்தார்கள். தமிழ்ப் பிரிவும் இதுக்குள்ளதான். அது இன்று முகநூலிலும் இருக்கு. ஆனால் சீனாவுக்குள்ளே முகநூலுக்கு 2009இல் இருந்து தடை. தமிழர்கள் படிக்கிற பக்கத்தை ஒரு சாதாரணச் சீனர் திறக்க முடியாது.

இங்கே தமிழ் எப்படி நடத்தப்படுகிறது? 2021 மே மாதம் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியில் அமைந்த நூலகத்தின் பெயர்ப்பலகையில் சீனம் இருந்தது, அரசகரும மொழியான தமிழ் இல்லை. சத்தம் போட்ட பிறகு பலகையை எடுத்தார்கள். அதே வருடம் டிசம்பரில் சீனத் தூதுவர் சீ ஜென்ஹொங் வேட்டியோடு, மேலாடை இல்லாமல் நல்லூர் கோயிலுக்குப் போனார். யாழ் நூலகத்துக்கும் போனார். தமிழ் தேவைப்படும்போது வேட்டி, தேவைப்படாதபோது பலகையில் இடமில்லை. பலகை விஷயத்தில் சீனர்களை மட்டும் திட்டி என்ன பயன்? மாட்டியது நம்ம நாட்டுத் திணைக்களம்.

அடுத்த வருட நெருக்கடியில் பாடசாலைச் சாப்பாட்டுக்குச் சீனா 10,000 தொன் அரிசி கொடுத்தது. பசிச்ச பிள்ளைக்கு வந்த சோறு சோறுதான், அதில் அரசியல் பேசி எடுத்தெறிய யாருக்கும் உரிமை இல்லை. அரிசிக்கு நன்றி சொல்லலாம். அரிசியோடு சேர்ந்து வரும் கதையை அப்படியே விழுங்கத் தேவையில்லை.

நம்ம பத்திரிகைகளும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். லேக் ஹவுஸை 1973இல் அரசு எடுத்தது. ஆட்சிக்கு ஏற்ற தலையங்கம் நமக்குப் பழக்கம்தான். அதனால் சீனாவைப் பார்த்துக் கைநீட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. எந்தக் குரல் பேசினாலும் கேட்க வேண்டியது: இதைச் சொல்கிறவருக்குச் சம்பளம் யார் தருவது? அவர் நாட்டில் இதை மறுத்துப் பேச முடியுமா? இந்தக் கதையில் யாருடைய பேர் விடுபட்டிருக்கு?

1952இல் பால் வெட்டியவர்களில் கொஞ்சப் பேர் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள், தொண்ணூறைத் தொட்டவர்களாக. ஒரு நாளைக்கு எத்தனை மரம், ஒட்டுப்பாலுக்கு எவ்வளவு, கூப்பன் அரிசி எப்படி இருந்தது என்று சொல்ல அவர்களால் முடியும். எந்த வானொலியும் அவர்களிடம் கேட்கவில்லை. கையில் இருக்கிற போனில் பதிவு செய்வதற்குப் பிரசாரத் துறை எதுவும் தேவையில்லை. ஆனால் காலம் அதிகம் இல்லை.