சக்கர நாற்காலிக்கு எந்தக் கட்டம்?

தண்டுவடக் காயமுற்றோர் தம் வாழ்க்கை நன்றாகவே இருப்பதாகச் சொன்னால், அதை ஐயத்தோடு நோக்கும் போக்கு மறுவாழ்வு மருத்துவ ஆய்வில் வேரூன்றியிருக்கிறது. நாளடைவில் நோயாளியின் அளவுகோலே மாறிவிடுகிறது, எனவே சிகிச்சைப் பலன்களைத் திரட்டும் பதிவேட்டில் வினாப்படிவம் தரும் குறைந்த மதிப்பெண்ணே உண்மைக்கு நெருக்கமானது என்பது அதன் வாதம். 1999-இல் ஸ்பிராங்கர்ஸும் ஷ்வார்ட்ஸும் இந்த அளவுகோல் மாற்றத்தை விளக்க வகுத்த மாதிரியை இதற்குத் துணைக்கழைக்கிறார்கள். அளவுகோல் மாறக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதலில் சோதிக்க வேண்டியது பதிவேட்டின் அளவுகோலை.

உடல்நலத்தை ஐந்து கூறுகளில் கேட்கும் ஈக்யூ-5டி வினாப்படிவத்தின் மூன்று நிலை வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்வீடனின் இடுப்பு மூட்டு மாற்றுப் பதிவேடு 2002 முதல் கையாண்ட கருவி இது. நடந்து வீடு திரும்பும் நோயாளிகளிடம் அது பொருந்தவே செய்கிறது. சிக்கல் தொடங்குவது, நடக்கவே போகாதவர்களிடம் அதே தாளை நீட்டும்போது. நடமாட்டம் பற்றிய வினாவுக்கு மூன்றே விடைகள்: நடப்பதில் சிக்கல் இல்லை, ஓரளவு சிக்கல் உண்டு, படுக்கையிலேயே கிடக்கிறேன். காலையில் தானே சக்கர நாற்காலிக்கு மாறி வேலைக்குப் போய்வருபவர் எதில் குறியிடுவார்? முதலிரண்டும் நடப்பவருக்கானவை, மூன்றாவது வெறும் பொய்.

இந்த ஒரு குறியின் விலை என்ன? ஐந்து விடைகளையும் ஒரே குறியீட்டெண்ணாகச் சுருக்கும், 1997-இல் வெளியான பிரிட்டன் மதிப்பீட்டில், மற்ற நான்கு கூறுகளிலும் சிக்கலே இல்லாதவர் இரண்டாம் கட்டத்தைத் தேர்ந்தால் குறியீட்டெண் 0.850, மூன்றாவதைத் தேர்ந்தால் 0.336. இடையிலுள்ள 0.514-இல் 0.269, ஏதேனும் ஒரு கூறு மூன்றாம் நிலைக்குப் போனாலே விழும் தனிக் கழிவு. உடல்நிலை ஒன்றாகவே இருக்கும் இருவர், பொருந்தாத கட்டங்களில் ஆளுக்கொன்றைத் தேர்ந்ததாலேயே இவ்வளவு தள்ளி நிற்கிறார்கள். இதன் சராசரியை வைத்து ஒரு மறுவாழ்வு மையத்தின் தரத்தை அளக்கலாமா?

ஐந்து நிலைப் படிவம் வந்துவிட்டதே என்பார்கள். படுக்கை போய்விட்டது, உண்மை. கடைசிக் கட்டம் இப்போது 'நடமாட முடியவில்லை' என்கிறது. வேலைக்குப் போகிறவர் இன்னும் கடைசிப் படியிலேயே நிற்கிறார்.

இதைவிட அடிப்படையான குறை ஒன்றுண்டு. குறியீட்டெண்ணின் எடைகள் நோயாளியுடையவை அல்ல. முழு நலத்துக்காக எத்தனை ஆண்டு ஆயுளை விட்டுக்கொடுப்பீர்கள் என்று பொதுமக்களைக் கேட்டுப் பெற்றவை. நிதி ஒதுக்கீட்டுக்கு அதுதானே முறை என்பார்கள். இருக்கட்டும், சிகிச்சையின் பலனை அறியும் பதிவேட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதே படிவத்தில் 0 முதல் 100 வரை நோயாளி தாமே தம் நலத்தைக் குறிக்கும் கோடு இருக்கிறது. குறியீட்டெண்ணுக்குள் அது நுழைவதே இல்லை. நோயாளியின் வாக்கு என்ற பெயரில் நாம் பதிப்பிப்பதில் பெரும்பகுதி, அவரைப் பார்த்தே இராதவர்களின் தீர்ப்பு.

ஆகவே மறுவாழ்வுப் பதிவேடுகள் குறியீட்டெண்ணை மட்டும் வெளியிடுவதை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வினாவின் விடையும், நோயாளி பயன்படுத்தும் துணைக்கருவியும், அவர் கோட்டில் இட்ட எண்ணும் தனித்தனியே வெளிவர வேண்டும். அதுவரை, குறியீட்டெண்ணுக்கும் நோயாளி தாமே சொல்லும் மதிப்புக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நோயாளியின் மனமாற்றம் என்று எழுதுவதற்கு ஆதாரம் போதாது.