ஆலம்கீரின் வலது முழங்கால்

நோய் நீங்கியும் முழு நலம் எய்தாதவரை அரபு மொழி 'நாகிஹ்' என்று அழைக்கும். நாமோ 'தேறி வருகிறார்' என்று வினையாற் சொல்லி அமைகிறோம். கிரேக்க மருத்துவர் ஜாலினூஸ் மனித உடலின் நிலைகளை மூன்றாகப் பகுத்தார்: நலம், நோய், இவ்விரண்டும் அல்லாத நிலை. கி.பி. 873இல் மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் தமது மருத்துவ வினாவிடை நூலின் வாயிலாக இப்பகுப்பை அரபு மருத்துவ மாணவர்களிடம் கொண்டு சேர்த்தார். மூன்றாம் நிலைக்கு உதாரணமாகச் சொல்லப்பட்டவர்கள் நாகிஹும் முதியவரும். இப்னு சீனா இந்த மூன்றாம் நிலையை ஒப்பவில்லை. நலமும் நோயும் போதும் என்பது அவர் வாதம். ஆயினும் தமது 'கானூன்' நூலின் முதற் பாகத்தில் முதியோருக்கென்றே தனி ஒழுங்குமுறையை வகுத்துத் தந்தார்.

முதியவர் ஒருவரே காயமுற்று நாகிஹ் ஆகிவிட்டால்? அவர் மீட்டெடுக்கும் வலிமை எவ்வளவு, அதை அவர் எதில் செலவிடுகிறார்? இக்கேள்விக்கு நம் நாட்டு வரலாற்றில் முகலாயப் பேரரசர் முஹ்யித்தீன் அவ்ரங்கஸீப் ஆலம்கீரின் இறுதி ஏழாண்டுகள் தக்க சான்றாக நிற்கின்றன.

1618இல் பிறந்த அவர், 1681இல் வடபுலம் விட்டுத் தக்காணம் நோக்கிப் புறப்பட்டபின் டில்லி திரும்பவேயில்லை. 1695இல் கல்கலா பாசறையில் அவரைக் கண்ட இத்தாலியப் பயணி ஜெமெல்லி கரேரி, குறுகிய உருவமும் முதுமையால் வளைந்த முதுகும் வெண்தாடியும் கொண்டவராக, கோல் ஊன்றி வந்தவராக அவரை வருணிக்கிறார். அதே முதியவர் மூக்குக்கண்ணாடி இல்லாமலே மனுக்களைப் படித்துத் தம் கையாலேயே ஆணை எழுதியதையும் வியந்து குறிக்கிறார். மதுவைத் தொடாமை, எளிய உணவு, குறைந்த உறக்கம், பிசகாத ஐவேளைத் தொழுகை ஆகியவை அவ்வுடலைக் காத்தன எனலாம். ஆட்சிக்கு வந்த பின்னர், நாற்பது வயதைக் கடந்தே, அவர் குர்ஆனை மனனம் செய்தார் என்பதையும் இங்கு நினைக்க வேண்டும்.

1700 அக்டோபர்த் தொடக்கம். சதாராவும் பர்லியும் வீழ்ந்த பின்னர்ப் படை மான் ஆற்றங்கரையில் கவாஸ்பூரில் தங்கியிருந்தது. நள்ளிரவில் மலைகளில் பெய்த மழையால் ஆறு பெருகிப் பாசறைக்குள் புகுந்தது. கூடாரங்களும் கால்நடைகளும் மனிதரும் அடித்துச் செல்லப்பட்டனர். எழுந்த கூக்குரலைக் கேட்டு, மராட்டியர் பாசறைக்குள் புகுந்துவிட்டனர் என்றெண்ணிப் பதறி எழுந்த பேரரசர் இடறி விழுந்தார். வலது முழங்கால் மூட்டு பிசகியது. அப்போது அவருக்கு வயது 82 நெருங்கிக்கொண்டிருந்தது. ஹிஜ்ரிக் கணக்கில் 85. அரண்மனை ஹகீம்களால் மூட்டைச் சரிவரப் பொருத்த இயலவில்லை. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சற்றே நொண்டி நடந்தார். அவையோர் ஆறுதல் சொன்ன விதம் சுவையானது: இது மூதாதையான தைமூரிடமிருந்து வந்த வாரிசுரிமை என்றார்களாம்! தைமூரின் கால் ஊனம் கட்டுக்கதையன்று. 1941இல் சமர்கந்தில் அவர் கல்லறையைத் திறந்து ஆய்ந்த சோவியத் அறிஞர் கெராசிமோவ் எலும்புகளில் அதை நேரிற் கண்டார். ஆனால் தைமூருக்கு அது இளமையின் காயம். எண்பதைக் கடந்தவரின் மூட்டு வேறு கணக்கு.

எலும்பைப் பொருத்தும் கலையில் முஸ்லிம் மருத்துவர்கள் கைதேர்ந்தவர்களாயிருந்தனர். அக்கலையின் பெயர் 'ஜப்ர்'. அல்ஜீப்ரா என்னும் கணக்குத் துறைக்கும் அதே சொல்தான் மூலம். ஸ்பெயின் நாட்டில் எலும்பு கட்டுபவரையே 'அல்ஜெப்ரிஸ்தா' என்றழைத்தனர். கி.பி. 1013 அளவில் மறைந்த குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி தமது 'தஸ்ரீஃப்' நூலின் அறுவை மருத்துவப் பகுதியில் முறிவுக்கும் பிசகலுக்கும் ஒரு முழு இயலை ஒதுக்கினார். மூட்டைப் பொருத்துவது ஒரு நாள் வேலை. அதன்பின் வலிமையைத் திரட்டுவதே நெடும்பணி. அங்கே இப்னு சீனாவின் அறிவுரை நுட்பமானது. முதியவரின் உடற்பயிற்சி அவரவர் உடல் நிலைக்கேற்ப அமைய வேண்டும். கால்களிற் குறையுள்ளவர் கல்லைத் தூக்குதல் போன்றவற்றால் உடலின் மேற்பகுதிக்கு வேலை தர வேண்டும். மிதமாக உடலைத் தேய்த்துவிட வேண்டும். உணவைச் சிறுகச் சிறுகப் பிரித்து உண்ண வேண்டும். சாத்தான்குளம் பகுதியில் இன்றும் விழுந்த பெரியவருக்கு எலும்பு வைத்தியர் பத்துப் போட, வீட்டார் ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுக்க, 'இனி எங்கும் அலைய வேண்டாம் வாப்பா' என்று கட்டிலில் அமர்த்திவிடுகிறார்கள். கானூன் ஆசிரியர் இதில் முதலிரண்டோடு உடன்படலாம். மூன்றாவதோடு உடன்பட்டிருக்க மாட்டார்.

ஹதீஸ் நூல்களிலும் இதற்கு வழிகாட்டல் உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்களே குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றிருக்கிறார்கள். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் இது நிகழ்ந்ததாக இப்னு ஹிப்பான் குறிக்கிறார். அப்போது அன்னாரின் வயது ஐம்பதுகளின் பிற்பகுதி. வலப்புறம் சிராய்த்ததாகப் புகாரியிலும், பேரீச்ச மரத் தண்டின் மீது விழுந்து பாதம் பிசகியதாக அபூதாவூதிலும் அறிவிப்புகள் உள்ளன. ஆயிஷா (ரலி) அவர்களின் மேலறையில் தங்கி அமர்ந்தே தொழுதார்கள். பெருமானார் தொழுகையையும் விடவில்லை, உடலையும் வருத்தவில்லை. அடுத்த ஆண்டே ஹுதைபிய்யா பயணம். பள்ளிவாசல் வரிசையோரத்து நாற்காலிகளைக் கண்டு முகம் சுளிக்கும் இளைஞர்கள் இந்த அறிவிப்பைப் படிப்பது நலம்.

இன்னொன்று உம்முல் முன்திர் (ரலி) அவர்கள் வீட்டில் நடந்தது. அங்கே பேரீச்சங்குலைகள் தொங்கின. அலீ (ரலி) அவர்களும் உண்ணத் தொடங்கியபோது, அவர் நாகிஹ் என்பதைச் சுட்டி நபியவர்கள் தடுத்தார்கள்; பின்னர் அப்பெண்மணி சமைத்து வந்த வாற்கோதுமையும் கீரையும் அவருக்கு ஏற்றவை என்றார்கள். நூலோர் இதை 'ஹிம்யா', அதாவது பத்தியம், என்ற தலைப்பில் வைப்பர். உண்ண முடியாதவருக்குப் பத்தியம் தேவையில்லை. உண்ண முடிகிற அளவுக்குத் தேறியவருக்கே அது தேவை.

ஆலம்கீர் தேறினார். ஐயமில்லை. 1701இல் பன்ஹாலா, அவ்வாண்டு இறுதியில் தொடங்கி 1702 ஜூன் வரை கேல்னா முற்றுகை, 1703இல் கொண்டானா, 1704இல் ராஜ்கட், தோர்னா, 1705இல் வாகின்கெரா. ஊனமுற்ற காலுடன் ஒவ்வொரு பாசறையிலும் அவரே இருந்தார். நம் மேடைகளில் இதை வீரமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். நானும் மாணவர்களிடம் அப்படிச் சொன்னவன்தான். கேல்னாவிலிருந்து திரும்பிய பயணத்தை ஜதுநாத் சர்க்காரின் வரலாற்றில் மீண்டும் படித்த பிறகு அவ்வாறு சொல்ல நா எழவில்லை. பன்ஹாலா வரை 30 மைல். கொட்டும் மழையில் அதைக் கடக்க 38 நாட்கள் ஆயின. சுமை விலங்குகள் சேற்றில் மடிந்தன. தானியம் கிடைக்கவில்லை. உயர்குடியினரே நடந்து வந்தனர். பொருள் கொடுத்து வாங்கிய கோட்டைகள் சிலவற்றை மராட்டியர் விரைவிலேயே மீட்டுக்கொண்டனர். பேரரசரின் உடலில் மீண்ட ஆற்றலுக்குப் பாசறை கொடுத்த விலை இது. அவர் உணவிற் பத்தியம் காத்தவர், உடையிற் காத்தவர், கருவூலப் பணத்தைத் தமக்கெனச் செலவிடுவதிலும் காத்தவர். போரில் மட்டும் அவருக்குப் பத்தியம் இல்லை.

1705 கோடையில் தேவாப்பூரில் கடும் நோய் கண்டது. சில நாட்கள் பாசறை நம்பிக்கை இழந்தது. மீண்டும் எழுந்தார், இம்முறை பல்லக்கில். அக்டோபரில் வடக்கு நோக்கி மெல்லப் புறப்பட்டு 1706 ஜனவரியில் அஹ்மத்நகர் சேர்ந்தார். முற்றுகைகள் அத்துடன் நின்றன. மக்களுக்கு எழுதிய இறுதிக் கடிதங்களில் உடல் தளர்ச்சியும் தம் செயல்கள் பற்றிய அச்சமும் மாறி மாறி வருகின்றன. 1707இல் காலமானார். குல்தாபாதில் ஷைக் ஸைனுத்தீன் தர்கா வளாகத்தில் திறந்த வெளியில் அவர் கபுர் உள்ளது. அவர் காலத்தில் அதன்மேல் பளிங்கு இல்லை. இன்று காணும் பளிங்குத் தடுப்பு பிற்காலத்தில் எழுப்பப்பட்டது.