கடல் கடந்த வகுப்பறைத் தோழமை: நூறாண்டு வரலாறும் மீஞ்சூர்ப் பகுதிப் பள்ளிகளும்

முன்னுரை

ஒரு நாட்டின் மாணவர்கள் வேறொரு நாட்டின் மாணவர்களோடு சேர்ந்து கற்பதற்கு வகுப்பறைக் கருவிகளைப் பயன்படுத்தும் முயற்சி இணையத்தோடு தொடங்கியதன்று. அச்சுப்பொறி, அஞ்சல், மின்னஞ்சல், காணொலி எனக் கருவிகள் மாறிவந்தபோதும் அம்முயற்சிக்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் பின்தொடர்ந்து, திருவள்ளூர் மாவட்டத்தின் மீஞ்சூரைச் சூழ்ந்த தமிழ்வழிப் பள்ளிகளுக்கு அது எவ்வழியைக் காட்டுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கடலடிக் கம்பி வந்ததனாலோ கணினி வந்ததனாலோ மட்டும் இரு நாட்டு மாணவர் இணைந்துவிடவில்லை; இரு தரப்புக்கும் பொதுவான ஒரு வேலை, இரு தரப்பும் தடையின்றிக் கையாளும் ஒரு மொழி, பாடவேளை அட்டவணையில் ஒதுக்கப்பட்ட நேரம் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில்தான் தொடர்பு வேரூன்றும் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

அச்சுப்பொறியும் அஞ்சலும்

பிரான்சின் தென்பகுதியிலுள்ள பார்-சுர்-லூ என்னும் சிற்றூரின் ஆசிரியரான செலஸ்தேன் ஃப்ரெனே, 1924இல் தம் வகுப்பறைக்குள் சிறியதோர் அச்சுப்பொறியைக் கொண்டுவந்து, பிள்ளைகள் தாமே எழுதியவற்றைத் தாமே எழுத்துக் கோத்து அச்சிடச் செய்தார். 1926இல் அப்பக்கங்கள் அதே நாட்டின் பிரித்தானிக் கடற்கரையின் த்ரேகுங் ஊரில் ரெனே தானியேல் நடத்திய வகுப்புக்கு அஞ்சலில் செல்ல, அங்கிருந்து அவ்வூர்ப் பிள்ளைகளின் பக்கங்கள் திரும்பி வந்தன. இம்முதல் பரிமாற்றம் ஒரே நாட்டுக்குள் நிகழ்ந்ததாயினும், பள்ளிகளிடைக் கடிதப் போக்குவரத்து என்னும் அம்முறை பின்னர் அவரது கல்வி இயக்கத்தின் வழியே பல நாடுகளுக்குப் பரவியது. தன் ஊரையும் தொழிலையும் அறியாத ஒருவர் படிக்கப்போகிறார் என்னும் உணர்வே பிள்ளையைத் தெளிவாக எழுதத் தூண்டியது என்பதால், இம்முறையில் எதிர்முனை வாசகர் பயிற்சியின் அடிப்படை உறுப்பாகவே அமைந்தார்.

இதே காலத்தில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் பள்ளிகளுக்கிடையே படத்தொகுப்புகளைப் பரிமாறச் செய்தது. 1953இல் யுனெஸ்கோ 15 நாடுகளின் 33 உயர்நிலைப் பள்ளிகளைக் கொண்டு இணைப்புப் பள்ளித் திட்டத்தைத் தொடங்கியபோது, பிறநாட்டு மாணவரை அறிதல் என்பது தனி ஆசிரியரின் ஆர்வத்திலிருந்து பன்னாட்டு அமைப்பின் கொள்கையாக உயர்ந்தது.

மின்னஞ்சல் காலம்

பனிப்போரின் இறுதியாண்டுகளில், 1988இல், பீட்டர் கோப்பன் என்பவரின் முயற்சியால் நியூயார்க் மாநிலத்தின் 12 பள்ளிகளும் மாஸ்கோவின் 12 பள்ளிகளும் மின்னஞ்சல் வழியே இணைக்கப்பட்டன. இருநாட்டு அமைப்புகளின் இசைவோடு ஆங்கிலம், உருசியம் ஆகிய இரு மொழிகளிலும் நடந்த இத்திட்டத்திலிருந்தே ஐயெர்ன் எனப்படும் பன்னாட்டுக் கல்வி வலையமைப்பு பின்னர் உருவாயிற்று.

அதே காலப்பகுதியில் மார்கரெட் ரியல் வகுத்த 'கற்றல் வட்டம்' என்னும் முறை இம்முயற்சிகளுக்கு உறுதியான வடிவத்தைத் தந்தது. ஆறு முதல் எட்டு வகுப்புகள் ஒரு வட்டமாகச் சேர்வதும், ஒவ்வொரு வகுப்பும் ஒரு பொருளுக்குப் பொறுப்பேற்று ஏனைய வகுப்புகளிடமிருந்து அதற்கான ஆக்கங்களைப் பெறுவதும், குறித்த காலத்துக்குள் அனைத்தையும் தொகுத்து வெளியிட்டு வட்டத்தை முறையாக நிறைவு செய்வதும் அதன் படிநிலைகளாகும். அறிமுகக் கடிதத்தோடு ஓய்ந்துபோகும் பேனா நட்புக்கும் இதற்குமுள்ள வேறுபாடு, இங்கே ஒரு வகுப்பு எழுதாமல் விட்டால் இன்னொரு வகுப்பின் வேலை நின்றுவிடும் என்பதில் அடங்கியுள்ளது. 2005இல் ஐரோப்பிய ஆணையம் தொடங்கிய இ-டுவின்னிங் திட்டமும் பள்ளிகள் கூட்டாகச் செய்யும் செயல்திட்டங்களையே நடுவில் வைத்தது.

கம்பி வந்த கரையும் காத்திருந்த பள்ளியும்

கடலடிக் கம்பியைப் பொறுத்தவரை சென்னைக் கரை பின்தங்கியிருக்கவில்லை. 1870ஆம் ஆண்டின் இறுதியிலேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி இடப்பட்டது; 2002இல் அதே சிங்கப்பூரோடு ஐ2ஐ என்னும் ஒளியிழை வடம் சென்னையை இணைத்தது. எனினும் தந்தி வணிகத்துக்கும் அரசுக்கும் உரியதாக இருந்தது. 1930இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய வானொலி தன் பள்ளிகளின் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் ஒலிபரப்பியபோதும், அது பிள்ளைகள் கேட்க மட்டும் இயன்ற ஒருவழிப் பாதையாகவே இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் 'கிளாஸ்' என்னும் நடுவணரசுத் திட்டம் பிபிசி மைக்ரோ கணினிகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. அவை கணினியைப் பற்றிக் கற்பிக்க வந்தவையேயன்றிப் பிற பள்ளிகளோடு பேச வந்தவையல்ல. கல்வி, ஆய்வுப் பணிகளுக்காக 1986இல் தொடங்கிய எர்னெட் வலையமைப்பு சென்னை ஐஐடி போன்ற உயர்கல்வி நிறுவனங்களோடு நின்றது. பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் இந்தியாவில் தொடங்கியது.

தமிழ்வழி மாணவருக்கு அதன் பின்னும் ஒரு தடை எஞ்சியிருந்தது. ஒரு கணினியில் தட்டச்சான தமிழ், வேறு குறியாக்கம் கொண்ட கணினியில், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் வேறு எண்ணைத் தரும் ஏற்பாடுடைய கணினியில், பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி 'தமிழ்99' விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றி, உலகெங்கும் வாழும் தமிழர்க்கு இணையவழித் தமிழ்க் கல்வியைத் தொடங்கியது. 2010இல் தமிழக அரசு, எல்லாக் கணினிகளிலும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே எண்ணைத் தரும் ஒருங்குறியை ஏற்றது. இத்தகைய பொதுத் தரம் பரவிய பிறகே ஓர் ஊர்ப் பள்ளியின் தமிழ்க் கட்டுரை மாற்றமின்றி மற்றொரு நாட்டின் திரையில் தோன்றுவது இயல்பாயிற்று.

கருவிகளும் அடுத்தடுத்து வந்தன. மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் தொடங்கப்பெற்றது. 2019 முதல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. ஆயினும் இவற்றின் பயன்பாடு பாடக் காணொலி, இணையவழித் தேர்வு ஆகியவற்றைச் சார்ந்தே பெரிதும் வளர்ந்தது. பிரிட்டிஷ் கவுன்சில் வழங்கிய பன்னாட்டுப் பள்ளி விருது போன்ற, வெளிநாட்டுப் பள்ளிகளோடு கூட்டுச் செயல்பாட்டைக் கோரும் திட்டங்களைப் பெரும்பாலும் நகர்ப்புறத் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளே பயன்படுத்தின.

சுகதா மித்ரா, ரிது தங்வால் ஆகியோர் காளிக்குப்பம் என்னும் தென்னிந்தியச் சிற்றூரில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. தமிழ் பேசும் பிள்ளைகள், ஆங்கிலத்திலிருந்த மூலக்கூற்று உயிரியல் பாடத்தைப் பொதுக் கணினியில் தாமாகவே ஓரளவு கற்றனர். அப்பாடத்தை அறியாத, ஆனால் அக்கறையோடு உடனிருந்து ஊக்கிய ஒருவர் துணையாக வந்ததும் அவர்களது தேர்ச்சி தில்லியின் வசதியான தனியார் பள்ளி மாணவரின் நிலையை எட்டியது. இக்கள முயற்சியின் தொடர்ச்சியாக, ஆய்வு வெளியாகுமுன்பே, 2009இல் இங்கிலாந்துத் தன்னார்வலர்கள் ஸ்கைப் வழியே இந்தியப் பிள்ளைகளோடு உரையாடத் தொடங்கினர். அது மாணவரை மாணவரோடு இணைத்த முயற்சியன்று. எனினும் கருவியைவிட எதிர்முனையில் அக்கறையோடு காத்திருக்கும் மனிதரே கற்றலை நகர்த்துகிறார் என்பதற்குச் சான்றாகிறது. அந்த ஸ்கைப் சேவையே 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டதால், ஒரு குறிப்பிட்ட செயலியின்மேல் கட்டப்படும் திட்டம் அச்செயலியோடு முடிந்துபோகும் என்பதும் தெளிவு.

மீஞ்சூர்: பொதுவான கேள்வியாக நீர்

சென்னை–கும்மிடிப்பூண்டி இரயில் தடத்திலுள்ள மீஞ்சூரில், வெளிநாட்டு மாணவரோடு பகிர்ந்து ஆராயத்தக்க பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1960களின் இறுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட ஆய்வின்படி மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் குழாய்க்கிணற்றுத் தொகுதிகள் அமைக்கப்பட்டு, நிலத்தடி நீர் சென்னை நகருக்கு அனுப்பப்பட்டது. மிகுதியாக உறிஞ்சப்பட்டதால் நன்னீர் மட்டம் இறங்க, அவ்விடத்தைக் கடல்நீர் நிலத்தடி வழியே உட்புகுந்து பிடித்தது. கடல்நீர் ஊடுருவல் எனப்படும் இந்நிகழ்வுக்கு மீஞ்சூர் நிலநீரியல் ஆய்வுகளில் நெடுங்காலமாக எடுத்துக்காட்டாக விளங்குகிறது. 2010இல் அருகிலுள்ள காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடைய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது.

இவ்வரலாற்றுக்கு இணையான வரலாறுகள் தமிழ் வழங்கும் பிற நாடுகளிலும் உள்ளன. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாடு, சுண்ணாம்புப் பாறைகளிடையே தேங்கும் கிணற்றுநீரை நம்பியிருப்பதோடு உவர்ப்புச் சிக்கலையும் எதிர்கொள்கிறது. சிங்கப்பூர் 2005இல் துவாஸில் தன் முதல் கடல்நீர்க் குடிநீர் நிலையத்தைத் திறந்தது. மூவிடத்து மாணவரும் நீரின் மின்கடத்துதிறனை, அதாவது கரைந்துள்ள உப்பு கூடக் கூட மின்சாரத்தை நீர் மிகுதியாகக் கடத்தும் இயல்பை, கையடக்கக் கருவியால் அளக்கலாம். மீஞ்சூர் மாணவி ஒவ்வொரு மாதமும் ஒரே கிணற்றில் வாளியிட்டு நீர் மொண்டு, கருவி காட்டும் எண்ணையும் நாளையும் மழை பெய்த விவரத்தையும் பதிந்தனுப்ப, யாழ்ப்பாண மாணவர் தம் கிணற்றின் எண்ணை அருகில் எழுதும்போது, ஒருவரின் பதிவின்றி மற்றவரின் ஒப்பீடு நிறைவுறாது. 1995இல் தொடங்கி 2000இல் இந்தியாவும் இணைந்த குளோப் திட்டம், பல நாட்டு மாணவர் ஒரே முறையில் நீரையும் வானிலையையும் அளந்து தரவைப் பகிரும் இத்தகைய வழியை முன்னரே வகுத்துள்ளது.

தமிழ் வழங்கும் நாடுகளைத் துணையாகத் தேர்வதற்கு நேரக் கணக்கும் வலுச் சேர்க்கிறது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நேர வேறுபாடு இல்லை. சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முந்தியவை என்பதால் மீஞ்சூரில் காலை 9.30 ஆகும்போது அங்கு நண்பகல் 12 மணி. இரு பக்கமும் பள்ளி நடக்கும் வேளை அது. நியூயார்க்கில் பள்ளி தொடங்கும்போது இங்கு பள்ளி முடிந்து மாலையாகிவிடும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகவும் பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகவும் உள்ளது. மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. இலங்கையில் தமிழும் ஒரு பயிற்றுமொழி. ஆங்கிலத்தில் தயங்கும் அரசுப் பள்ளி மாணவர், தமிழில் பேசும்போது கேட்பவராக ஒதுங்காமல் கேள்வி எழுப்புபவராக முன்வர இயலும்.

முடிவுரை

ஃப்ரெனேயின் அச்சுக்கூடம் முதல் கற்றல் வட்டம் வரையுள்ள வரலாறு, எளிய கருவியோடும் ஆழமான தொடர்பு இயலும் என்பதைக் காட்டுகிறது. தமிழகத்தின் வரலாறோ கருவிகள் நிறைந்த பின்னும் தொடர்பு தானாக நிகழாது என்பதைக் காட்டுகிறது. எனவே இனித் தேவைப்படுவது புதிய கருவிகளைக் காட்டிலும், பாடவேளை அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரமும், கூட்டுப்பணியைத் திட்டமிட ஆசிரியருக்கு உரிமையும், தொடக்கமும் முடிவும் உடைய ஒரு பொதுவான ஆய்வுப் பொருளுமே ஆகும். வெளிநாட்டுத் தோழமை வசதி படைத்த பள்ளிகளின் அணிகலனாக நின்றுவிடாமல் அனைத்துப் பிள்ளைகளின் உரிமையாவதற்கு, உவர்நீரோடு வாழப் பழகிய மீஞ்சூர்ப் பகுதியின் அரசுப் பள்ளிகள் தொடக்கமாக அமைவது பொருத்தமானதும் இயலக்கூடியதும் ஆகும்.