தோட்டப்புற இணையமும் மோடம் தேர்வும்: ஒரு சிறு வரலாறு



நம் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் கட்டடத்தையும் மாணவர் எண்ணிக்கையையும் தேர்வு முடிவுகளையும் தவறாமல் பதிவு செய்கின்றனர். இணையம் அங்கே நுழைந்த கதையை எழுதியவரை நான் கண்டதில்லை. நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் நான் பணியாற்றிய நாளில் அக்கதை பெரும்பாலும் மோடம் என்ற சிறு பெட்டியைச் சுற்றியே நடந்தது.

நாங்கள் திறந்தமூல இயங்குதளத்தை நாடியது வீம்புக்காக அன்று. நன்கொடையாக வந்தவை பிறர் கழித்த பழைய கணினிகள். அவற்றுக்கு உரிமத்துடன் விண்டோஸ் வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் பணமில்லை. திருட்டுப்படியை நிறுவிவிட்டு நன்னெறிக் கல்வி நடத்த எனக்கு மனமும் வரவில்லை. லினக்ஸ் இலவசம். அத்துடன், தமிழ்த் தன்னார்வலர்கள் கேடிஇ திரைமுகப்பைத் தமிழாக்கித் தந்திருந்தனர். ‘கோப்பு’, ‘திருத்து’ என்று கணினியே தமிழ் பேசியதைக் கண்டு பிள்ளைகள் வியந்தனர். 2004-இல் அரசாங்கத்தின் மாம்பு பிரிவு பொதுத்துறைக்கான திறந்தமூலப் பெருந்திட்டத்தை வெளியிட்டபோது எங்களுக்குச் சற்றுத் துணிவும் பிறந்தது.

கணினி இயங்கியது; இணையம் வரவில்லை. உள்ளே செருகியிருந்தவை ‘வின்மோடம்’ வகை. விலையைக் குறைக்கும்பொருட்டு, மோடம் செய்யவேண்டிய வேலையின் பெரும்பகுதியைத் தயாரிப்பாளர்கள் விண்டோஸ் மென்பொருளிடம் ஒப்படைத்திருந்தனர். விண்டோஸ் இல்லையேல் அது வெறும் தகடு. வெளியே தனியாக வைக்கும் பழைய மோடமோ தன் வேலையைத் தானே செய்யும். 1981-இல் ஹேஸ் நிறுவனம் வகுத்த கட்டளைகள் எந்த இயங்குதளத்துக்கும் பொது.

2001-இல் டெலிகோம் மலேசியா ‘ஸ்ட்ரீமிக்ஸ்’ அகண்ட அலைவரிசைச் சேவையைத் தொடங்கியது. அது தொலைபேசியின் செப்புக் கம்பி வழியே வருவது. இணைப்பகத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு அப்பால் தேய்ந்துவிடும். சிரம்பான் நகரத்தார்க்கு இது பொருட்டன்று. செம்பனைக்குள் பல கல் தள்ளியிருந்த லயங்களுக்கு இதுவே வேலி.

கம்பி எட்டிய இடத்திலும் தேர்வு எளிதன்று. யூஎஸ்பி வழி இணையும் மோடம் மலிவு. ஐரோப்பாவில் பரவலாகப் புழங்கிய அல்காடெல் ஸ்பீடுடச் யூஎஸ்பி மோடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செருகும்போதெல்லாம் அதன் உள்மென்பொருளைக் கணினியே ஏற்றியாக வேண்டும். தன்னார்வலர்கள் லினக்ஸுக்கு இயக்கி எழுதினர். ஆனால் அந்த உள்மென்பொருள் நிறுவனத்தின் உடைமை. ஆகவே அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையம் வருவதற்கோ அதுவே வேண்டும்! பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்த நிலைதான்.

ஈதர்நெட் துளையுள்ள மோடத்தில் இத்தொல்லை இல்லை. பிபிபிஓஇ என்னும் இணைப்பு நெறிமுறை 1999-இல் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டது. 2001 சனவரியில் வந்த லினக்ஸ் கரு 2.4 அதைத் தன்னுள் கொண்டிருந்தது. திசைவியும் சேர்ந்த மோடம் எனில் இன்னும் நன்று: ஸ்ட்ரீமிக்ஸுக்குரிய 0, 35 என்ற எண்களையும் பயனர் பெயரையும் மோடத்திலேயே ஒருமுறை பதித்தால் போதும், கணினியில் எது ஓடுகிறது என்று அது கேட்பதில்லை. கடைக்காரரிடம் நான் கேட்டதெல்லாம், “குறுந்தட்டு இல்லாமல் ஓடுமா?” என்பதே. விலை கூடுதல்தான். ஆயினும் அக்கூடுதல் வெள்ளி ஒரு கணினியறை முழுவதற்குமானது என்று சங்கத்தாரிடம் வாதாடினேன்.

கம்பி எட்டாத தோட்டங்களுக்குப் பின்னாளில் 3ஜி செருகிகள் வந்தன. 2006-இல் வெளிவந்த ஹுவாவே ஈ220 அவற்றுள் ஒன்று. விண்டோஸ் இயக்கியை நிறுவுவதற்காக அது முதலில் குறுந்தட்டாக நடிக்கும். லினக்ஸிலோ பல வேளைகளில் அவ்வேடத்திலேயே நின்றுவிடும். ‘யூஎஸ்பி மோட்சுவிட்ச்’ என்ற சிறு நிரல் வந்து அதைக் கலைத்தது. 2021 இறுதியில் மலேசியாவில் 3ஜி நிறுத்தப்பட்டதும் 3ஜி மட்டுமே அறிந்த செருகிகள் பயனற்றுப் போயின.

இன்று சிம் அட்டை போடும் 4ஜி திசைவிகள் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்கின்றன. எஞ்சியிருப்பது பழைய கணினிக்கு வாங்கும் யூஎஸ்பி வை-ஃபை குச்சி. அதில் இயக்கிச் சிக்கல் இன்னும் உண்டு. வாங்குமுன் உள்ளிருக்கும் சில்லின் பெயரைக் கேளுங்கள். பெட்டியின் மேல் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும்.