பட்டிப்பளை ஆறும் ஒரு பழைய விவாதமும்

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று வரை கடலோரப் பெருவீதியிற் செல்வோர், கிழக்கே கடலையும் மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த வயலையும் காண்பர். இரண்டிற்கும் இடையே அமைந்த ஒடுங்கிய நிலத்தில் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. கடல் தரும் மீனும் வயல் தரும் நெல்லும் இவ்வூர்களின் இரு கைகள். ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் ஆரம்பக் கூட்டத்திலே மூன்று வினாக்கள் எழும். நீர் எந்நாள் திறக்கப்படும்? விதைப்பு எந்நாளுக்குள் முடிய வேண்டும்? வாய்க்காலின் கடைசி வயலுக்கு எவ்வளவு நீர் சேரும்? இவ்வினாக்களுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அதை அறியாதவருக்கு இன்றைய விடைகளின் காரணம் விளங்காது.

முற்காலத்தில் குளங்களையும் வாய்க்கால்களையும் பேணியது ஊர்க் கட்டுப்பாடு. ஆங்கில ஆட்சியில், 1832ஆம் ஆண்டில் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்தின் கொடுமை அதனால் நீங்கிற்று. ஆனால் குளக்கட்டைத் திருத்தும் பொதுவேலைக்கு ஆட்களைக் கூட்டும் வழியும் உடன் மறைந்தது. கட்டுகள் உடைந்தன, வயல்கள் தரிசாயின. 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வார்ட் இக்குறையை உணர்ந்தார். 1856ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், விவசாயிகள் பெரும்பான்மை வாக்கினால் தங்கள் பழைய வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்த இடமளித்தது. மட்டக்களப்புப் பகுதியில் இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்களின் புனரமைப்பும் அவர் கால முயற்சியைச் சார்ந்ததே. நீர்ப்பங்கீட்டை மேற்பார்வை செய்த வட்டவிதானை, காணி உடைய போடியார், வயலிற் பாடுபட்ட முல்லைக்காரர் என்னும் மூவரும் சேர்ந்ததே அக்கால வேளாண்மை. அம்முறையில் ஏற்றத்தாழ்வு இல்லாமலில்லை. எனினும் நீரைப் பற்றிய முடிவு வயலுக்கு அண்மையிலேயே எடுக்கப்பட்டது.

1949ஆம் ஆண்டு இந்நிலை மாறியது. அவ்வாண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபைச் சட்டம் நிறைவேறியது. தமிழர் பட்டிப்பளை ஆறு என்றும் சிங்களவர் கல்லோயா என்றும் வழங்கும் நதிக்கு இங்கினியாகலையில் பேரணை கட்டப்பட்டது. கட்டியது அமெரிக்க நிறுவனமான மொரிசன்–நட்சன். சபைக்கு முன்மாதிரியாயிருந்தது, 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய டெனசிப் பள்ளத்தாக்கு அதிகார சபை. அணையால் உருவான நீர்த்தேக்கம் பிரதம மந்திரி டி. எஸ். சேனாநாயக்கவின் பெயரால் சேனாநாயக்க சமுத்திரம் எனப்பட்டது. பாசன நிலம் இடதுகரை, வலதுகரை, ஆற்றுப்பிரிவு என மூன்றாக வகுக்கப்பட்டது. கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாக உழுதுவந்த பழைய வயல்களிற் பல ஆற்றுப்பிரிவில் அடங்கின. மழையை நம்பியிருந்த வயல்கள் பலவற்றிற் சிறுபோகமும் விளையலாயிற்று. அதே வேளையில், நீர்க் கதவின் திறவுகோல் ஊரைவிட்டு நெடுந்தூரம் போயிற்று.

புதிய நிலத்தில் யாரைக் குடியேற்றுவது என்பதே விவாதத்தின் மையம். தொடக்ககாலக் குடியேற்றவாசிக்கு 4 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டு நிலமும் வழங்கப்பட்டன. ஒருசாரார், அரிசிக்கு அந்நிய நாடுகளை நம்பும் தேசம் காட்டை வயலாக்க வேண்டும் என்றனர். தோட்டங்களால் நெருக்குண்ட மலைநாட்டுக் கிராமங்களின் காணியில்லாதவருக்கு நிலம் வேண்டும் என்றனர். இது பொய்யான குறையன்று. மற்றொருசாரார், ஆற்றின் அருகே பிறந்தவரின் உரிமையை முதலிற் கருத வேண்டும் என்றனர். அரசாங்கக் குடியேற்றம் ஒரு பிரதேசத்தின் குடித்தொகையை மாற்றி, அப்பிரதேசத்தாரின் வாக்குப் பலத்தையும் மாற்றிவிடும் என்று அஞ்சினர். இவ்வச்சத்திற்கும் ஆதாரம் இருந்தது. இரண்டு நியாயங்கள் ஒரே நிலத்தில் எதிர்ப்பட்டமையே இவ்விவாதத்தைக் கடினமாக்கியது.

1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் கல்முனையில் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியின் சார்பில் வெற்றி பெற்றனர். பின்னர் இருவரும் அரசாங்கத் தரப்பைச் சேர்ந்தனர். மொழியால் தமிழராகவும் மார்க்கத்தால் முஸ்லிம்களாகவும் வாழும் ஒரு சமூகம் இரு பெரிய தேசிய வாதங்களுக்கிடையே தன் வழியைத் தேடிய வரலாறு அன்றே தொடங்கிவிட்டது எனலாம். அவ்வாண்டு யூன் மாதத்தில், தனிச் சிங்களச் சட்டத்தையொட்டி எழுந்த கலவரம் கல்லோயாப் பள்ளத்தாக்கில் உயிர்களைப் பறித்தது.

1957ஆம் ஆண்டு யூலை 26ஆந் தேதி, பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கை செய்தனர். குடியேற்றத் திட்டங்களிற் காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கு உண்டு என அது கூறியது. ஆனால் கல்லோயாச் சபையின் ஆட்சியிலிருந்த பகுதியைப் பற்றி மட்டும், இவ்விடயம் ஆலோசிக்கப்பட வேண்டியது என்று நிறுத்திக்கொண்டது. கிழக்குக் கரையின் தலையாய வினா அவ்வாறு பின்னொருநாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்நாள் வரவில்லை. 1958ஆம் ஆண்டு ஏப்பிரலில் உடன்படிக்கையே கைவிடப்பட்டது. 1961ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு, அம்பாறையைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டமாயிற்று. கல்முனைக் கரையோரத்து விவசாயி தன் மாவட்ட அலுவலுக்காக மேற்கு நோக்கிப் பயணிக்கும் நிலை அன்று ஏற்பட்டது.

இதற்கிடையில், 1958ஆம் ஆண்டில் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளித்ததோடு, விவசாயிகள் தாமே தெரிவு செய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களையும் அமைத்தது. பிற்காலச் சட்டங்கள் அக்குழுக்களை அகற்றின. வார்ட் காலத்தில் எழுந்த அதே வினா, நீரைப் பற்றி முடிவு செய்வோர் யார் என்னும் வினா, விடையின்றித் திரும்பித் திரும்பி வந்தது.

ஒருமுறை அதற்கு நல்விடை கிடைத்தது. 1981ஆம் ஆண்டுச் சிறுபோகத்தின்போது நீர்த்தேக்கம் கால்வாசியே நிறைந்திருந்தது. கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இணைந்து, இடதுகரைக் கிராமங்களுக்கு இளம் அமைப்பாளர்களை அனுப்பின. விவசாயிகள் சிறு குழுக்களாகக் கூடி வாய்க்கால்களைத் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீரைப் பகிர்ந்தனர். வாய்க்காலின் தலைப்பகுதியிலிருந்த சிங்கள விவசாயிகள், கடைப்பகுதியிலிருந்த தமிழ் விவசாயிகளுக்கு நீர் விட்டுக்கொடுத்த நிகழ்ச்சிகளும் நடந்தன. தேசத்திலே இனப்பகை மூண்டுகொண்டிருந்த காலம் அது. சட்டத்தாலும் உடன்படிக்கையாலும் முடியாதது வாய்க்காற் கரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியபோது ஓரளவு முடிந்தது. இவ்வனுபவமே பின்னர் பெரும் பாசனத் திட்டங்களின் நிருவாகத்தில் விவசாயிகளுக்கும் பங்களிக்கும் அரசாங்கக் கொள்கைக்கு வித்தாயிற்று.

ஆயினும் பழைய முடிவுகளின் பயன் இன்றும் தொடர்கிறது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் மாகாண சபைகளை அமைத்தபோது, மாகாண எல்லைகளைக் கடந்து பாயும் ஆறுகளின் பாசனத் திட்டங்களை மத்திய அரசாங்கத்திடமே விட்டது. ஊவா மலைகளில் தோன்றிக் கிழக்கே வரும் பட்டிப்பளை ஆறு அவ்வகையினது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வழங்கிய காணி துண்டுபடாதிருக்கும் பொருட்டுப் பின்னுரித்தைக் கட்டுப்படுத்தியது. ஆகவே தந்தைக்கு நிலம் தந்த அதே சட்டம், இளைய பிள்ளைகளைக் காணியற்றவராக்குகிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அம்பாறை மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 43 பேர் முஸ்லிம்கள். அவர்களிற் பெரும்பகுதியினர் ஒடுங்கிய கரையோரத்தில் நெருங்கி வாழ்கின்றனர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அக்கரையை அழித்தபோது, வீடிழந்தோரை மீளக் குடியமர்த்த நிலம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. 1949ஆம் ஆண்டின் காணி விவாதம் அன்று மீண்டும் உயிர்பெற்றது.

சரித்திரத்தை ஆராய்வது பழைய வழக்கைப் புதுப்பித்துப் பகை வளர்ப்பதற்கன்று. ஒரு முடிவு எடுக்கப்பட்டபோது எதிர்த்தரப்பின் நியாயம் எவ்வளவு கேட்கப்பட்டது, எது பின்னொருநாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது என்பவற்றை அறிந்தவரே அடுத்த முடிவைச் செம்மையாக எடுக்க வல்லவர். இனிவரும் போகத்திலும் ஆரம்பக் கூட்டம் கூடும். அதே மூன்று வினாக்கள் எழும். கடைசி வயலுக்குரியவனின் சொல்லும் அங்கே எடுபடுமானால், 1957ஆம் ஆண்டில் ஒத்திவைக்கப்பட்ட ஆலோசனையின் ஒரு பகுதியாவது நிறைவேறியதாகும்.