தந்தை போட்ட கையெழுத்து

கோட்டைக்கு வெளியே – 17

சேப்பாக்கத்தில் மேட்ச் பார்க்க வாலாஜா சாலையில் முண்டியடித்துப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தாங்கள் நிற்பது ஓர் அரண்மனைத் தோட்டம் என்று? கிரிக்கெட் மைதானம், பொதுப்பணித் துறை வளாகம், எழிலகம் எல்லாமே ஆற்காடு நவாபின் அரண்மனை நிலத்தில் எழுந்தவை. வாலாஜா முகமது அலியை அவருடைய கடன்கள் என்ன பாடுபடுத்தின என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், அவருடைய கொள்ளுப்பேரன் அஸீம் ஜாவின் கதை. அரியணைக்கு முறையாக அடுத்த ஆளாக இருந்தும் அதில் உட்காராமலே போனவர் அவர்.

1855 அக்டோபர் 7-ம் தேதி நவாப் குலாம் முகமது கவுஸ் கான் காலமானார். வயது 31. ‘ஆஸம்’ என்ற புனைபெயரில் கவிதை எழுதியவர். கவிஞர்களின் வரலாற்றைச் சொல்லும் தொகை நூல்களையும் எழுதியிருக்கிறார். ஆனால், ஆண் வாரிசு இல்லை.

அதனால் என்ன? சித்தப்பா அஸீம் ஜா இருந்தார். 1825-ல் கவுஸ் கான் கைக்குழந்தையாகப் பட்டத்துக்கு வந்தபோது, அவருக்காக தர்பாரை நடத்தியவர் இந்தச் சித்தப்பாதான். 1842-ல் அண்ணன் மகன் பொறுப்பேற்கும்வரை சுமார் 17 வருஷம், பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவரே நவாப். இஸ்லாமிய வாரிசு முறைப்படியும் நெருங்கிய ஆண் உறவு அவர்தான். திருவல்லிக்கேணியில் யாரைக் கேட்டிருந்தாலும் அடுத்த நவாப் அவர் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கிழக்கிந்திய கம்பெனி மட்டும் ‘இல்லை’ என்றது. அந்த ‘இல்லை’க்கான காரணம் 54 வருஷம் முன்னாலேயே எழுதப்பட்டுவிட்டது.

கூடாரத்தில் ஒரு பேரம்

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்புவின் ஆவணங்கள் கம்பெனியின் கைக்கு வந்தன. வாலாஜாவும் அவர் மகன் உம்தத்-உல்-உமராவும் திப்புவோடு ரகசியக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார்கள் என்று கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி குற்றம்சாட்டினார். சாட்சியம் பலவீனமானது. ஆனால், ஆற்காடு நவாபின் ராஜ்ஜியமான கர்நாடகத்தை விழுங்கக் காத்திருந்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. உம்தத் மரணப் படுக்கையில் கிடக்கும்போதே கம்பெனிப் படை சேப்பாக்கம் அரண்மனைக்குள் வந்து காவல் நின்றுகொண்டது.

1801 ஜூலை 15-ம் தேதி உம்தத் இறந்தார். உயிலில் வாரிசாகக் குறிக்கப்பட்டவர் மகன் அலி உசேன். பதினெட்டு வயது இருக்கும். நவாப் இறந்த அன்றே வெப், க்ளோஸ் என்ற இரண்டு கம்பெனிப் பிரதிநிதிகள் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களுடைய பேரம் இதுதான்: ‘சிவில், ராணுவ நிர்வாகம் முழுவதையும் எங்களிடம் எழுதிக் கொடு. பட்டத்தையும் பென்ஷனையும் வைத்துக்கொள்.’

இளைஞர் இணங்கவில்லை. பேச்சு படைத் தளபதியின் கூடாரத்துக்கு மாறியது. கவர்னர் எட்வர்டு கிளைவே, அதாவது ராபர்ட் கிளைவின் மகனே, நேரில் வந்து உட்கார்ந்தார். பாதுகாவலர்களை விலக்கிவிட்டுத் தனியாகப் பேசியபோது அலி உசேன் சம்மதித்தார். மறுநாளே பின்வாங்கிவிட்டார். அரியணையே போய்விடும் என்று எச்சரித்தும் அசையவில்லை.

உடனே கம்பெனி வேறு ஆளைத் தேடியது. வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அலி உசேனின் ஒன்றுவிட்ட சகோதரர் அஸீம்-உத்-தௌலா அரண்மனையிலேயே இருந்தார். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், நவாப் ஆனார். வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு, நாடு முழுவதும் கம்பெனிக்கு. தெற்கே மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் வெள்ளையரோடு போரிட்டுக்கொண்டிருந்த அதே ஜூலை மாதத்தில், நெல்லூர் முதல் திருநெல்வேலி வரை ஒரே கையெழுத்தில் கைமாறியது. அலி உசேன் அடுத்த ஆண்டே இறந்தார். அவருக்கு விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு வெகுகாலம் ஓயவில்லை. லண்டன் பார்லிமென்ட்டிலும் இந்த விவகாரம் 1808-ல் எழுப்பப்பட்டது, பலனில்லை.

அப்படிப் பட்டம் பெற்ற அஸீம்-உத்-தௌலாவின் மகன்தான் நம் அஸீம் ஜா.

எழுதாமல் விட்ட வரி

1855-ல் கவர்னர் ஹாரிஸும் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியும் எடுத்துக் காட்டியது 1801 ஒப்பந்தத்தைத்தான். அது அஸீம்-உத்-தௌலா என்ற தனிமனிதரோடு செய்துகொண்டது, ‘வாரிசுகளுக்கும்’ என்ற பேச்சே அதில் இல்லை என்றார்கள். ‘அப்படியானால் 1819-ல் என் அண்ணனையும் 1825-ல் அவர் மகனையும் எதன் பேரில் ஏற்றுக்கொண்டீர்கள்?’ என்பது அஸீம் ஜாவின் கேள்வி. ‘அது எங்கள் சலுகை, உரிமை அல்ல’ என்பது கம்பெனியின் பதில்.

பள்ளிப் புத்தகங்கள் இதையும் டல்ஹௌசியின் வாரிசு இழப்புக் கொள்கைக் கணக்கில் சேர்த்துவிடுகின்றன. அது சரியல்ல. சத்தாராவிலும் ஜான்சியிலும் தத்துப் பிள்ளை செல்லாது என்றார்கள். இங்கே தத்து என்ற பேச்சே எழவில்லை. ரத்த உறவுள்ள சித்தப்பா உயிரோடு இருக்கும்போதே பட்டத்தை ஒழித்தார்கள்.

உண்மையான காரணத்தை ஹாரிஸ் மறைக்கவும் இல்லை. அதிகாரமில்லாத அரச கோலம் வீண்; கோட்டைக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு தர்பார் இருந்தால் அது சதிக்கும் அதிருப்திக்கும் கூடாரமாகும் என்பது அவருடைய வாதம். அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. திருவல்லிக்கேணி பெரிய மசூதி மட்டுமல்ல, மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளத்துக்கான நிலமும் நவாப் கொடுத்தது என்றே மயிலாப்பூர்க்காரர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். படை போன பிறகும் அந்தக் குடும்பத்துக்கு ஊரில் இருந்த மதிப்பு போகவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 1907-ல் கொரியாவில் ஜப்பானியர்கள் கோஜோங் மன்னரைப் பதவி விலக வைத்து, மகன் சுன்ஜோங்கை அமர்த்தினார்கள். அவருக்குக் குழந்தை இல்லை. அடுத்த தம்பி யி காங்குக்கு 30 வயது. அவரைத் தாண்டிப் பத்து வயது யி உன்னைப் பட்டத்து இளவரசராக்கி, படிப்பு என்று சொல்லி டோக்கியோவுக்குக் கொண்டுபோனார்கள். ஒதுக்கப்பட்ட யி காங் 1919-ல் ஷாங்காயில் இருந்த விடுதலை அரசில் சேரத் தப்பியோடி, மஞ்சூரிய எல்லையில் பிடிபட்டார். வாரிசைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்நியன் கைக்குப் போனால் மூத்தவன், தகுதியானவன் என்ற அளவுகோலெல்லாம் காற்றில் போய்விடும். யார் வசதிப்படுவார் என்பது மட்டுமே மிஞ்சும்.

மகாராணி கொடுத்த பட்டம்

அஸீம் ஜா யி காங்கைப் போல ஓடவில்லை, மனுப் போட்டார். கல்கத்தா, லண்டன், பார்லிமென்ட் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். இதற்கிடையே கவுஸ் கானின் கடன்களை அடைக்க 1858-ல் தனிச் சட்டமே வந்தது. அரண்மனை ஏலத்துக்குப் போனது. எடுத்தது வேறு யாருமல்ல, மெட்ராஸ் அரசாங்கமே. பிறகு சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் அரண்மனையின் கலஸ் மஹாலையும் ஹுமாயூன் மஹாலையும் இணைத்து நடுவில் கோபுரம் எழுப்பினார். கலஸ் மஹாலில் இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இயங்குகிறது.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. 1870-ல் விக்டோரியா மகாராணியின் சாசனம் அஸீம் ஜாவுக்கு ‘அமீர்-இ-ஆற்காடு’, ஆற்காடு இளவரசர், என்ற பட்டத்தை வழங்கியது. இந்த முறை, பட்டம் பரம்பரைக்கும் உண்டு என்று தெளிவாக எழுதப்பட்டது. நவாப் என்ற அரியணைப் பெயர் மட்டும் திரும்பவில்லை. 1874-ல் அவர் காலமானார். இரண்டு ஆண்டு கழித்துக் குடும்பம் ராயப்பேட்டை அமீர் மஹாலில் குடியேறியது. 1798-ல் கம்பெனி அலுவலகமாகக் கட்டிய கட்டடம் அது.

அலி உசேனைத் தாண்டித் தந்தைக்கு அரியணை கொடுத்த அதே காகிதம்தான் மகனிடமிருந்து அதைப் பறித்தது. கம்பெனிக்குக் கையெழுத்துத் தேவைப்பட்டவரை ஒரு நவாபும் தேவைப்பட்டார். தேவை தீர்ந்ததும் யாருமே தேவைப்படவில்லை. 1971-ல் இந்திய அரசு மன்னர் மானியத்தை ஒழித்தபோது, ராஜ்ஜியம் வைத்திருந்த குடும்பங்கள் எல்லாம் அதை இழந்தன. ராஜ்ஜியமே இல்லாத ஆற்காடு இளவரசரின் பென்ஷன் மன்னர் மானியக் கணக்கில் வராததால் தப்பியது. ‘பரம்பரைக்கும் உண்டு’ என்று அஸீம் ஜா வாதாடி வாங்கிய அந்த ஒரு வரிதான், தந்தை கவனிக்காமல் விட்ட வரி.

(தொடரும்)